நிறுத்தமும் பொருளும்: வக்ஃபுக் குறிகளிலிருந்து ஆங்கிலப் பெரிய எழுத்து வரை

எழுதப்பட்ட சொற்களை எங்கே சேர்த்து வாசிப்பது, எங்கே நிறுத்தி வாசிப்பது என்பது பார்வைக்குச் சிறிய கேள்வி. ஆயினும், ஒரு வேதத்தை எழுத்து பிசகாமல் காக்கும் பொறுப்பை ஏற்ற சமுதாயத்துக்கு அது ஒருபோதும் சிறிய கேள்வியாக இருந்ததில்லை. நிறுத்தம் மாறினால் பொருள் மாறும். பொருள் மாறினால் சட்டமும் கொள்கையும் மாறும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். அந்த உணர்வின் வரலாற்றை, இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கும் ஆங்கில எழுத்து நெறிகளோடு இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செங்கற்பட்டு மாவட்டத்தின் சிறுசேரியை எடுத்துக்கொள்வோம். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய இவ்வூர் இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவால் அறியப்படுகிறது. சென்னைக் கணிதவியல் நிறுவனமும் 2005ஆம் ஆண்டு முதல் இங்கேயே இயங்கி வருகிறது. கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கே சென்றால் கோவளம். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் தர்கா அங்கே உள்ளது. இவ்வட்டாரத்தில் வளரும் ஒரு முஸ்லிம் பிள்ளை மூன்று எழுத்து மரபுகளுக்கு நடுவே வளர்கிறது. மக்தபில் அரபு, பள்ளியில் தமிழ், பாடப்புத்தகத்திலும் பிற்காலத்தில் அலுவலகத்திலும் ஆங்கிலம். மூன்றனுள் ஆங்கிலத்தில் மட்டுமே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு உண்டு. அதனால் அந்த நெறிகளை மாணவர் பலரும் அந்நியமான சடங்கு போலக் கருதி மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். அவற்றின் அடிப்படை அவர்களுக்கு மக்தபிலேயே கற்பிக்கப்பட்டுவிட்டது என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

குறியில்லாத எழுத்து

உலகின் பழைய எழுத்துகள் பெரும்பாலும் குறியின்றியே எழுதப்பட்டன. கிரேக்கமும் இலத்தீனும் சொல்லுக்குச் சொல் இடைவெளிகூட இல்லாமல் நெடுங்காலம் எழுதப்பட்டன. நம் ஓலைச்சுவடிகளும் அத்தகையனவே. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில், அதிரணசண்டன் குகைக்கோயிலின் பல்லவர் கல்வெட்டுகள் கிரந்தம், நாகரி ஆகிய இரு எழுத்துகளில் வெட்டப்பட்டுள்ளன. இரு வகை எழுத்தைக் கையாண்ட அந்தச் சிற்பிகளுக்கும் காற்புள்ளி தெரியாது. பெரிய எழுத்தும் தெரியாது.

இதனைக் குறைபாடு என்று கொள்ளுதல் பொருந்தாது. தமிழ்மொழி நிறுத்தத்தைத் தன் சொல்லமைப்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிகிறது. பிறர் கூற்று முடியும் இடத்தை 'என்று', 'என' எனும் சொற்கள் காட்டுகின்றன. வினாவை ஆகார, ஓகார ஈறுகள் உணர்த்துகின்றன. பலவற்றை அடுக்கிச் சொல்ல 'உம்' போதும். அரபு மொழியிலும் 'வ', 'ஃப' எனும் இடைச்சொற்கள் வாக்கியங்களைத் தொடுக்கின்றன. 'கால' என்ற வினை பிறர் கூற்றைத் தொடங்கிவைக்கிறது. ஆங்கிலமோ சொற்கள் நிற்கும் வரிசையைக் கொண்டே பெரிதும் பொருள் உணர்த்தும் மொழி. தமிழில் ஈறும் இடைச்சொல்லும் செய்யும் பணியில் ஒரு பகுதியை அங்குக் குறிகள் செய்கின்றன. எனவேதான் ஆங்கிலத்தில் குறியை விட்டுவிட்டால் இழப்பு மிகுதியாகிறது.

புள்ளியும் நுக்தாவும்

தமிழும் அரபும் தொடக்கத்தில் நாடியது ஒரே கருவியை, அதாவது புள்ளியை. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. குறில் எகரமும் ஒகரமும் புள்ளி பெறும் என்றும் அந்நூல் வகுத்தது. ஆனால் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால், சுவடி எழுதுவோர் புள்ளியைத் தவிர்த்தனர். இதனால் மெய்யையும் உயிர்மெய்யையும், குறிலையும் நெடிலையும் இடம் நோக்கியே அறிய வேண்டியதாயிற்று. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டுக்கு இன்று நாம் எழுதும் வடிவங்களை வகுத்தவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பர்.

அரபு எழுத்தின் கதையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்துப் பிரதிகளில் உயிர்க்குறிகள் இல்லை. ஒரே வடிவம் கொண்ட எழுத்துகளை வேறுபடுத்தும் புள்ளிகளும் பின்னரே முறைப்படுத்தப்பட்டன. அரபியர் அல்லாதோர் பெருமளவில் இஸ்லாத்தை ஏற்றபோது வாசிப்பில் பிழைகள் நேர்ந்தன. ஒன்பதாம் அத்தியாயமான தவ்பாவின் மூன்றாம் வசனத்தில் ஒருவர் ஓர் உயிரொலியை மாற்றி ஓதியதைக் கேட்டு அபுல் அஸ்வத் அத்துஅலீ (இறப்பு கி.பி. 688) அதிர்ச்சியுற்றார் என்பது மரபுச் செய்தி. இணைவைப்போரை விட்டு அல்லாஹ்வும் அவன் தூதரும் விலகியவர்கள் என்னும் பொருள், அந்த ஓர் உயிரொலி மாறியதால், இணைவைப்போரை விட்டும் தூதரை விட்டும் அல்லாஹ் விலகியவன் என்று திரிந்துவிட்டது. அதன்பின் அவர் ஓர் எழுத்தரை அமர்த்தி, தம் உதடுகள் அசையும் விதத்தை நோக்கி எழுத்தின் மேலும் கீழும் பக்கத்திலும் வேறு நிற மையால் புள்ளியிடச் செய்தார் என்பர். 8ஆம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அந்தப் புள்ளிகளுக்குப் பதிலாக இன்று நாம் அறிந்த ஸபர், ஸேர், பேஷ் வடிவங்களை அமைத்தார். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அவரே.

வக்ஃபு என்னும் கலை

எழுத்தின் ஒலியைக் காத்தபின் வாக்கியத்தின் பொருளைக் காக்கும் பணி எஞ்சி நின்றது. அதற்கெனத் தோன்றியதே 'வக்ஃபு, இப்திதா' என்னும் கலை. நிறுத்தலும் தொடங்கலும் என்பது அதன் பொருள். முஹம்மது இப்னு தைஃபூர் அஸ்ஸஜாவந்தீ (இறப்பு கி.பி. 1165) நிறுத்தங்களைத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் ஓர் எழுத்தைக் குறியாக்கினார். 'மீம்' என்றால் கட்டாயம் நிறுத்த வேண்டும். 'தோ' என்றால் முழு நிறுத்தம். 'ஜீம்' என்றால் நிறுத்தவும் செய்யலாம், தொடரவும் செய்யலாம். 'லா' என்றால் நிறுத்தலாகாது. இந்தியாவில் அச்சாகும் குர்ஆன் பிரதிகள் பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றுகின்றன. நம் மக்தபுப் பிள்ளைகள் ஓதுவதும் இக்குறிகளைக் கண்டே.

சான்றாக, ஆலு இம்ரான் அத்தியாயத்தின் ஏழாம் வசனத்தைக் காணலாம். பல பொருளுக்கு இடந்தரும் வசனங்களின் உள்விளக்கத்தை யார் அறிவார் என்பதே அங்குள்ள செய்தி. அல்லாஹ்வின் பெயருக்குப் பின் நிறுத்தினால், அதனை அறிபவன் அவன் ஒருவனே. கல்வியில் உறுதி பெற்றோர் நம்பிக்கை கொள்வதோடு நிற்பர். அங்கு நிறுத்தாமல் தொடர்ந்தால், கல்வியில் உறுதி பெற்றோரும் அதனை அறிவர் என்றாகும். அறிஞர் பெரும்பாலோர் நிறுத்தத்தை ஏற்றனர்; தொடர்ந்து ஓதும் கருத்தும் முற்காலத்து அறிஞர் சிலரிடமிருந்து அறிவிக்கப்பட்டுள்ளது. நம் பிரதிகளில் அவ்விடத்தில் 'மீம்' பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சிறு எழுத்துக்குப் பின்னால் அறிவின் எல்லை எது என்னும் பெரிய விவாதமே அடங்கியிருக்கிறது.

இன்னொரு சான்று யாஸீன் அத்தியாயத்தின் 52ஆம் வசனம். உறங்கிய இடத்திலிருந்து எங்களை எழுப்பியவர் யார் என்று மண்ணறையிலிருந்து எழுந்தோர் கேட்கின்றனர். அதற்கு அடுத்து வருவது மறுமொழி; அதனைக் கூறுவோர் வேறு என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. இரு கூற்றுகளுக்கும் இடையே மூச்சு விடாமல் சிறிது நிறுத்தும் 'ஸக்தா' ஹஃப்ஸ் ஓதல் மரபில் உண்டு. பேசுபவர் மாறுகிறார் என்பதை அந்த நிறுத்தம் உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் இரட்டை மேற்கோள்குறி செய்யும் பணி இதுவேயன்றோ? அவ்வாறே, நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனத்தில் போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்க வேண்டாம் எனும் கட்டளையை இடையில் முறித்து நிறுத்துவோர், தொழுகையையே தடுத்தவர் ஆவர். இதனைத் தகாத நிறுத்தத்துக்கு எடுத்துக்காட்டாக உஸ்தாதுமார்கள் இன்றும் கூறிவருகின்றனர்.

தமிழ் உரைநடையில் குறிகள்

தமிழ் நூல் முதன்முதலில் அச்சேறியது இலத்தீன் எழுத்தில்தான். அது 1554இல் லிஸ்பனில் நிகழ்ந்தது. தமிழ் எழுத்தில் அமைந்த 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. தரங்கம்பாடி அச்சகம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணியாற்றத் தொடங்கியது. ஐரோப்பிய நூல்களின் நிறுத்தக்குறிகள் இந்த அச்சு வழியாகவே தமிழுக்கு அறிமுகமாயின. அவற்றைத் தமிழ் உரைநடையின் இயல்பான உறுப்பாக்கிய பெருமையை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு (1822–1879) அளிப்பது வழக்கம்.

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்னும் பெயர்களையே நோக்குக. முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மாத்திரை நேரம் நிறுத்துக என்று நம் இலக்கணக் கையேடுகள் கற்பித்தன. எழுத்தின் ஒலியை அளந்த மாத்திரையைக் கொண்டே மௌனத்தையும் தமிழர் அளந்தனர். ஆங்கிலத்திலும் தொடக்கத்தில் இக்கருத்தே நிலவியது. லிண்ட்லி மர்ரே 1795இல் வெளியிட்ட இலக்கண நூல் ஒவ்வொரு குறியும் முந்தைய குறியைப்போல் இரு மடங்கு நேரம் பெறும் என்றது. குறியை ஓதும் நேரத்தால் வரையறுத்த இந்த அணுகுமுறை, பின்னர் வாக்கிய அமைப்பால் வரையறுப்பதாக மாறியது. ஸஜாவந்தீயோ அவருக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே பொருளையும் வாக்கியத் தொடர்பையும் அடிப்படையாகக் கொண்டு நிறுத்தங்களைப் பிரித்துவிட்டார் என்பது நோக்கத்தக்கது.

அரபு உரைநடைக்கு ஐரோப்பியக் குறிகளை முறையாக வகுத்துத் தந்தவர் எகிப்தைச் சேர்ந்த அஹ்மத் ஸகீ பாஷா. அவருடைய 'அத்தர்கீம்' என்னும் நூல் 1912இல் வெளியாயிற்று. குர்ஆனின் வக்ஃபு மரபையும் ஐரோப்பியக் குறிகளையும் அவர் பகையாகக் காணவில்லை. வலமிருந்து இடம் செல்லும் எழுத்துக்கு ஏற்பக் காற்புள்ளியும் வினாக்குறியும் திசை மாறின, அவ்வளவே. திருக்குர்ஆனுக்குள் இக்குறிகள் புகவில்லை. அதற்குத் தேவையும் எழவில்லை.

பெரிய எழுத்தின் வரலாறு

உரோமர் கல்லில் வெட்டிய எழுத்துகளே ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள். சிறிய எழுத்துகள் மையும் தோலும் கொண்டு விரைந்து எழுதியோர் கையில் உருவானவை, கி.பி. 800ஐ ஒட்டி, சார்லமேன் ஆட்சிக்காலத்தில் சீர்பெற்றவை. முதலில் இவை இரு வேறு எழுத்து முறைகள். ஒரே பக்கத்தில் இரண்டையும் சேர்த்து, தொடக்கத்தையும் பெயரையும் பெரிய எழுத்தால் சிறப்பிக்கும் வழக்கம் காலப்போக்கில் உண்டானது. அச்சுக் கோப்போர் பெரிய எழுத்துகளை மேல் பெட்டியிலும் சிறியவற்றைக் கீழ்ப் பெட்டியிலும் வைத்தனர்; ஆங்கிலத்தில் அவற்றுக்கு வழங்கும் 'மேல் பெட்டி', 'கீழ்ப் பெட்டி' என்னும் பெயர்கள் அதனால் வந்தன. அரைப்புள்ளியை 1490களில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதே நகரில் 1537–38இல் பகனீனோ குடும்பத்தார் குர்ஆனை அச்சிட முயன்றபோது, தாலையும் தாலின் மேல் புள்ளி பெறும் ஸாலையும்கூட வேறுபடுத்தாமல் விட்டனர். ஒரு மொழியில் குறியின் நுட்பம் அறிந்த நகரம் இன்னொரு மொழியின் குறியை அலட்சியம் செய்தது. அப்பதிப்பு முஸ்லிம்களிடம் பயன்பெறாமல் போனதில் வியப்பில்லை.

ஆங்கில நெறிகளும் எப்போதும் இன்றுள்ளவாறு இருந்தவை அல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கில நூல்களில் பொதுப்பெயர்களும் பெரிய எழுத்தில் தொடங்கக் காணலாம். ஜெர்மன் மொழியில் அவ்வழக்கம் இன்றும் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் பெரிய எழுத்து பெறுவன இவை: வாக்கியத்தின் முதற்சொல், ஆள், ஊர், நாடு ஆகியவற்றின் சிறப்புப்பெயர், கிழமை, மாதம், பண்டிகை, மொழி, சமயம், நூல் தலைப்பின் முதன்மைச் சொற்கள், 'நான்' என்று பொருள்படும் ஓரெழுத்துச் சொல். பருவங்களின் பெயர்கள் பெறா. பள்ளி, ஆசிரியர், பள்ளிவாசல் போன்ற பொதுச்சொற்களும் சிறப்புப்பெயரின் பகுதியாக வந்தாலன்றிப் பெறா. இவை யாவும் ஒரு கேள்வியில் அடங்கும்: இச்சொல் ஓர் இனத்தைக் குறிக்கிறதா, அன்றி ஒன்றை மட்டும் குறிக்கிறதா?

இக்கேள்வியின் ஆழம் கலிமாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிப்படுகிறது. வணக்கத்துக்குரியதாகக் கருதப்படும் எதனையும் மறுக்கும் முற்பகுதியில் 'காட்' என்னும் சொல் சிறிய எழுத்தில் தொடங்குகிறது. ஏகனை உறுதிப்படுத்தும் பிற்பகுதியில் அதே சொல் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. மறுப்பும் உறுதியும் அங்கே எழுத்தின் அளவிலேயே வேறுபட்டு நிற்கின்றன. இதனை அறிந்து எழுதும் மாணவருக்குப் பெரிய எழுத்து வெறும் தேர்வு விதியாகத் தோன்றாது.

நம் பெயர்களும் நம் பத்திரங்களும்

இந்நெறிகள் நம் வாழ்வை நேரடியாகத் தொடும் இடம் நம் பெயர். 'அப்து' என்றால் அடியான்; 'அர்ரஹ்மான்' அல்லாஹ்வின் திருப்பெயர். அப்துர் ரஹ்மான் என்பது இரண்டும் சேர்ந்த ஒரே பெயர். ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு இரு பகுதிகளையும் பெரிய எழுத்தில் தொடங்கும்போது, அம்மொழியின் மரபுப்படி அது முதற்பெயரும் குடும்பப்பெயரும் ஆகிவிடுகிறது. கடவுச்சீட்டுப் படிவம் அதனை இரு கட்டங்களில் பிரித்து வைக்கிறது. அயல்நாட்டார் அவரை 'அப்துல்' என்று அழைக்கின்றனர். அது முடிவுறாத சொல். அல்லது 'ரஹ்மான்' என்று மட்டும் அழைக்கின்றனர்; அல்லாஹ்வுக்கே உரிய அப்பெயரால் மனிதரை அழைப்பதை மார்க்க அறிஞர்கள் தவிர்க்கச் சொல்கின்றனர். 'அப்த்' சேர்ந்த பெயரைச் சேர்த்தே எழுதுவதும், பிறப்புச் சான்று முதல் கடவுச்சீட்டு வரை ஒரே வடிவில் எழுதுவதும் இச்சிக்கலைப் பெருமளவு தவிர்க்கும்.

தலைப்பெழுத்துக்குப் பின் வரும் புள்ளியும் இத்தகையதே. ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் பெயரில் உள்ள மூன்று எழுத்துகள் அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்னும் மூன்று தலைமுறையினரைச் சுட்டுவன. ஒவ்வொரு புள்ளியும் 'இங்கே ஒரு பெயர் சுருங்கியிருக்கிறது' என்று அறிவிக்கிறது. ஆங்கிலத்தில் குர்ஆன் என்னும் சொல்லின் நடுவே இடப்படும் மேற்குறியும் பொருளற்ற அலங்காரமன்று. அரபு ஹம்ஸாவின் இடத்தைக் காட்டுவது அது. தமிழில் அவ்விடத்தில் 'ஆ' என்ற முழு உயிரெழுத்தையே எழுதுகிறோம். சொல்லின் நடுவே உயிரெழுத்து தனித்து வருவது அளபெடையிலன்றித் தமிழ் மரபில் இல்லை. எனினும் ஒலியைக் காக்க நம் முன்னோர் அதனை ஏற்றனர்.

'வக்ஃபு' என்னும் அரபுச் சொல் நிறுத்தத்தையும் குறிக்கும், அறக்கொடையையும் குறிக்கும். சொத்தைக் கைமாறாமல் நிறுத்திவைப்பதால் அப்பெயர். இவ்விரண்டும் சந்திக்கும் இடம் பத்திரம். 'அப்துல் காதிர் முஹம்மது இஸ்மாயில் ஆகியோர்' என்று ஒரு பத்திரம் குறியின்றிக் கூறுமானால், முத்தவல்லிகள் இருவரா மூவரா? 'அப்துல் காதிர், முஹம்மது இஸ்மாயில்' எனின் இருவர். 'அப்துல் காதிர், முஹம்மது, இஸ்மாயில்' எனின் மூவர். ஒரு காற்புள்ளி ஒருவருடைய உரிமையை நிலைநாட்டும் அல்லது நீக்கும். ஆங்கிலச் சட்ட மரபில் குறிகளை நம்பாமல் சொற்களாலேயே ஐயம் நீக்கி எழுத வேண்டும் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 'மற்றும்', 'உம்' எனச் சொல்லாலும் காற்புள்ளியாலும் ஒருங்கே தெளிவுபடுத்துவதே பாதுகாப்பான வழி.

சிறுசேரியில் நடைபெறும் கணினிப் பணியில் இத்துல்லியம் இன்னும் கடுமையாகிறது. கணினியின் ஆஸ்கி அட்டவணையில் ஆங்கில முதலெழுத்தின் பெரிய வடிவத்துக்கு எண் 65, சிறிய வடிவத்துக்கு எண் 97. நமக்கு ஒரே எழுத்தாகத் தோன்றுவன கணினிக்கு இரு வேறு எண்கள். கடவுச்சொல்லிலும் பல நிரல்மொழிகளிலும் எழுத்தின் அளவு மாறினால் பெயரே மாறிவிடும்; ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் நிரலே இயங்காமல் நிற்கக்கூடும். மக்தபில் 'லா'வுக்கும் 'மீமு'க்கும் வேறுபாடு கண்டு ஓதிய பிள்ளைக்கு இவ்வொழுக்கம் புதிதாக இருக்க வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டுவன

அரபுத் தமிழ் மரபு நமக்கு ஒரு முன்மாதிரி. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளை இட்டு நம் முன்னோர் புதிய எழுத்துகளை ஆக்கினர். கீழக்கரையின் செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) என்னும் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை அவர்கள் 'மகானி', 'ஃபத்ஹுத் தய்யான்' ஆகிய நூல்களை அவ்வெழுத்தில் இயற்றினார்கள். அரபும் தமிழும் நன்கறிந்த அப்பெருமக்கள் ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை. இலங்கையில் 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிய சித்தி லெப்பை அவர்களும், அரபுக் கல்வியோடு ஆங்கிலக் கல்வியும் சமுதாயத்துக்குத் தேவை என்று வாதாடினார்கள்.

அம்மரபில் நாம் தொடர வேண்டிய பணிகள் இரண்டு. முதலாவது, அரபுத் தமிழ் நூல்களை இன்றைய தமிழ் எழுத்தில் பதிப்பிப்போர் நிறுத்தக்குறிகளைப் பொறுப்போடு இட வேண்டும். ஒரு ஃபிக்ஹு நூலில் 'கூடும்', 'கூடாது' என்னும் முடிவு எந்தெந்தச் செயல்களுக்கு உரியது என்பதை ஒரு காற்புள்ளி மாற்றிவிடக்கூடும். பதிப்பாசிரியர் இடும் குறி மூலநூலாசிரியரின் கருத்தா, தம் கருத்தா என்பதைக் குறிப்பில் தெளிவாக்குதல் கடமை. இரண்டாவது, மக்தபு உஸ்தாதுமார்களும் ஆங்கில ஆசிரியர்களும் ஒருவர் பாடத்தை மற்றவர் அறிந்திருத்தல் நலம். 'தோ' வந்த இடத்தில் ஏன் நின்றாய் என்று பிள்ளையிடம் உஸ்தாது கேட்கட்டும். கருத்து அங்கே முடிகிறது என்று அது சொல்லுமானால், ஆங்கில வாக்கியத்தின் முற்றுப்புள்ளியை அதற்குத் தனியாகக் கற்பிக்க வேண்டியிராது. அதற்கு அடுத்த எழுத்தைப் பெரிதாக எழுதுவது ஏன் என்பதும் விளங்கும். நிறுத்தலுக்குப் பின் வருவது தொடங்கல், அதாவது 'இப்திதா'.

பிறர் எழுதியதைச் சரியாக வாசிப்பதும், நாம் எழுதுவதைப் பிறர் தவறாக வாசிக்க இடந்தராமல் எழுதுவதும் அமானிதத்தைச் சேர்ந்தவை. அந்த அமானிதத்தை எழுத்தின் மேலும் கீழும் புள்ளியிட்டுக் காத்த முன்னோரின் வழியில், நம் பிள்ளைகள் எம்மொழியில் எழுதினும் அம்மொழிக்குரிய குறியை உரிய இடத்தில் இடப் பழகுவார்களாக.